பழைய நிரலுக்கு மறுவாழ்வு

பாலிகஞ்சின் குருசதய் சாலையில், 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் உள்ளது. அங்குப் பழைய எந்திரங்களைக் கண்டு மகிழலாம். மென்பொருளை அவ்வாறு கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்ட இயலுமா? இயங்காத மென்பொருள் வெறும் வட்டே.

அதனை மீண்டும் இயக்குவது எமுலேட்டர். இது பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரல். பழைய நிரலின் கட்டளை ஒவ்வொன்றையும் இன்றைய கணினிக்கு ஏற்ப மாற்றித் தரும். இதற்கு இன்று இணைய உலாவியே போதும். இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் மின்னூலகம் 2015இல் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ் விளையாட்டுகளை இம்முறையில் அளித்தது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வும் அவற்றுள் ஒன்று.

வெறும் விளையாட்டுக்கு இத்துணை உழைப்பா எனப் பெரியோர் சிலர் வினவுவர். அவர்கள் தமிழையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். யூனிகோடு பரவும் முன்னர், தமிழ் மென்பொருள்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டு முறை கொண்டிருந்தன. ஆதலால் அக்காலத்தில் தட்டெழுதிய கடிதங்கள் பல, இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தோன்றுகின்றன. ஊர்விட்டு ஊர் வந்த நம் பெற்றோர் எழுதியவையும் அவற்றுள் இருக்கலாம். அம்மென்பொருள் மீண்டும் இயங்கினால் அவற்றைப் படித்துவிடலாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய நெகிழ்வட்டு இருப்பின், அதனை எறிந்துவிடாதீர்கள்.