அடித்துவிடும் இரண்டாவது விடை

எறிபொருள் கணக்கு ஒன்றில் நெடுக்கத்தையும் வேகத்தையும் கொடுத்து எறிகோணம் கேட்டால் இரண்டு விடைகள் வரும். 30 பாகையில் எறிந்தாலும் 60 பாகையில் எறிந்தாலும் நெடுக்கம் ஒன்றே. நம்மில் பலர் சிறிய கோணத்தை எழுதிவிட்டு மற்றதை அடித்துவிடுகிறோம். நானும் பள்ளியில் அடித்தவன்தான். இன்று கல்லூரியில் அதே கணக்கைக் கற்பிக்கும்போது அது தவறு என்று படுகிறது.

சிறுசேரியில் எங்கள் வீட்டுச் செடிகளுக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் விடும்போது பார்த்திருக்கிறேன். குழாய் வாயைத் தாழ்த்திப் பிடித்தால் தண்ணீர் ஒரு தொட்டியில் விழும். வாயை உயர்த்த உயர்த்த அது தொட்டியைத் தாண்டிப் போகும். மேலும் உயர்த்தினால் திரும்பி வந்து அதே தொட்டியில் விழும். நடுவே ஒரு மதில் இருந்தால்? தாழ்ந்த பாதை மதிலில் மோதும். உயர்ந்த பாதை மட்டுமே தொட்டியை எட்டும்.

1962 நவம்பர் 18 அன்று லடாக்கில் உள்ள ரெசாங் லாவில் அந்த மதில் ஒரு மலைமுகடாக நின்றது. 16,000 அடிக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் 13-வது குமாவுன் பட்டாளத்தின் 'சி' கம்பெனியைச் சேர்ந்த சுமார் 120 பேர், மேஜர் சைத்தான் சிங் தலைமையில் காவல் இருந்தனர். பின்னால் சுசூலில் இருந்த நமது பீரங்கிகளால் அவர்களுக்கு உதவ முடியவில்லை. இடையிலிருந்த முகடு குண்டுகளின் பாதையை மறித்தது. அவர்களிடம் இருந்தவை 3 அங்குல மார்ட்டர்கள். ஆயிரம் மார்ட்டர் குண்டுகளில் ஏழு மட்டுமே மிஞ்சின என்று அப்போது சுசூல் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய டி. என். ரெய்னா பின்னர் குறிப்பிட்டார். நூறு பேருக்கு மேல் அங்கேயே உயிர் துறந்தனர்.

மார்ட்டர் என்பது நாம் அடித்துவிடும் அந்த விடையைக் கொண்டே செய்த கருவி. இன்று நாம் காணும் வடிவத்தை 1915-ல் வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸ் அமைத்தார். வழவழப்பான ஒரு குழாய்; அடியில் ஒரு தகடு; முன்னால் இரு கால்கள். குண்டை வாயிலிருந்து நழுவவிட்டால் அடியிலுள்ள ஊசியில் மோதி வெடிமருந்து பற்றிக்கொள்ளும். குழாய் 45 பாகைக்குக் கீழே பொதுவாக இறங்காது. ஆகவே இலக்கு அருகில் வந்தால் குழாயை உயர்த்த வேண்டும், தாழ்த்தக் கூடாது! இரண்டாம் உலகப் போரில் இதன் பெரிய உருவங்கள் வந்தன: பிரிட்டிஷாரின் 4.2 அங்குல மார்ட்டர், ரஷ்யாவின் 1938-ம் ஆண்டு மாதிரியான 120 மில்லிமீட்டர் மார்ட்டர். பின்னதை ஜெர்மானியர் அப்படியே நகல் எடுத்தனர்.

கொல்லும் கருவியை வகுப்பறைக்குள் கொண்டுவரலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கிரிக்கெட் பந்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், காற்றை ஏன் விட்டுவிட்டோம் என்று மாணவர் கேட்பதே இல்லை. அந்த ரஷ்ய மார்ட்டரின் குண்டு விநாடிக்கு 272 மீட்டர் வேகத்தில் புறப்படும். நம் சூத்திரப்படி 45 பாகையில் அது சுமார் 7,500 மீட்டர் போக வேண்டும். உண்மையில் போவது 6,000 மீட்டருக்குள்தான். மீதியைக் காற்று தின்றுவிடுகிறது. ரெசாங் லாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். குண்டு இன்னும் தூரம் போகும். ஆனால் கடுங்குளிரில் வெடிமருந்தின் வேகம் குறையும். இந்த இரண்டையும் அங்கே நின்றவர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும். நம் தேர்வுத்தாளிலோ 'காற்றின் தடையைப் புறக்கணிக்க' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறோம்.

கனமான மார்ட்டர்கள் அங்கே இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதை இயற்பியல் சொல்லாது. முகட்டைத் தாண்ட ஒரு பாதை உண்டு என்பதை மட்டும் அது சொல்லும்.

அடுத்த முறை வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள், கணக்கில் ஒரு சுவரையும் சேர்த்துக் கொடுக்கட்டும். மாணவர்களே, நீங்கள் ஒரு குழாயையும் பாகைமானியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 30, 60 பாகைகளில் தண்ணீர் சரியாக ஒரே இடத்தில் விழாது. எது முன்னால் விழுகிறது என்று அளந்து பார்த்து, ஏன் என்று எழுதி அனுப்புங்கள்.