கண்புரை முற்றும்வரை காத்திருக்கலாமா? கருவிழிச் செல்களைக் காக்கும் வழிமுறைகள்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் முதியோர் பலர், ‘புரை நன்றாக முற்றட்டும், மணிலா அறுவடையும் முடியட்டும்’ எனக் கூறிக் கண்புரை அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். லென்ஸை முழுவதுமாக அகற்றித் தடித்த கண்ணாடி வழங்கிய காலத்தில் இவ்வறிவுரை பொருத்தமாக இருந்தது. 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் நடைபெற்ற கண்புரைத் திட்டத்திற்குப் பின், செயற்கை லென்ஸ் பொருத்துவதே வழக்கமாயிற்று. பழைய அறுவைமுறை மாறியது. பழைய அறிவுரை மட்டும் மாறவில்லை.

காத்திருப்பதால் என்ன இழப்பு?
கருவிழியின் உட்புறத்தில் எண்டோதீலியம் எனப்படும் செல்கள் ஒரே அடுக்காக அமைந்துள்ளன. கருவிழியில் சேரும் நீரை வெளியேற்றி, அதனைத் தெளிவாக வைத்திருப்பவை இவையே. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,500 செல்கள் இருக்கும். இழந்த செல்கள் மீண்டும் உருவாவதில்லை. எண்ணிக்கை 500-க்கும் கீழே குறைந்தால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கக்கூடும். அந்நிலையில் தானமாகப் பெறும் கருவிழியே தீர்வாகலாம்.

முற்றிய புரை கடினமானது. அதனை உடைக்கக் கூடுதல் மீயொலி ஆற்றலும் நேரமும் தேவைப்படுவதால், செல் இழப்பும் கூடுகிறது.

அறுவை அரங்கில் பாதுகாப்பு
மருத்துவர் கண்ணின் முன்னறையைக் குழைமம் போன்ற திரவத்தால் நிரப்புகிறார். ஹைட்ராக்சிபுரோப்பில் மெத்தில்செல்லுலோஸ் அவ்வகையில் விலை குறைந்த ஒன்றாகும். இத்திரவம் செல்களின்மேல் உறைபோலப் படிந்து, கருவிகளும் லென்ஸும் உரசாமல் காக்கிறது. எஞ்சினால் கண் அழுத்தம் உயரும் என்பதால், முடிவில் அது கழுவி அகற்றப்படுகிறது.

மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை
• முன்பு கண்ணில் பட்ட காயம் அல்லது செய்துகொண்ட அறுவை
• நீரிழிவு, கண் அழுத்த நோய்
• காலையில் மங்கலாகவும் பின்னர் தெளிவாகவும் தெரியும் பார்வை

நினைவில் கொள்க
புரை இருப்பதனாலேயே அவசரப்பட வேண்டியதில்லை. அன்றாடப் பணிகளுக்குப் பார்வை இடையூறாகும்போது காலம் தாழ்த்தாமல் அரசு கண் மருத்துவரை அணுகவும். அறுவைக்குப் பின் தோன்றும் சிறிதளவு கருவிழி வீக்கம் பெரும்பாலும் சில நாட்கள் முதல் சில வாரங்களில் தணியும். ஆனால் வலி, மிகுந்த சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவை ஏற்பட்டால் நோயாளியை அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வருதல் உடனிருப்போரின் கடமையாகும்.