பொருள் எமது, பூட்டு எவருடையது?

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கின்றது. புத்தளம் களப்பின் வாயருகே அதனை அவர்கள் கட்டியது அழகுக்காக அன்று; களப்பு வழியே கண்டி இராச்சியத்துக்கு நடந்த வாணிகத்தைத் தம் பிடிக்குள் வைத்திருப்பதற்காகவே கட்டினர். படகு எம்மவர்களுடையது, வலையும் எம்மவர்களுடையது, வாயில் மட்டும் அந்நியன் கையில். வாயிலை வைத்திருப்பவனே வளத்தையும் வைத்திருப்பான் என்பதை இக்கரை மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இன்று அதே கரையில் இன்னொரு வாயில் எழுந்திருக்கின்றது. அது கல்லால் ஆனதன்று. எமது சட்டைப்பைக்குள் இருக்கும் கைத்தொலைபேசியே அது.

உடப்பு முதல் கற்பிட்டி வரை அக்கருவியின்றி ஒரு பொழுது கழிவதில்லை. காற்றும் கடலும் எவ்வாறிருக்கும் என்று பார்ப்பது அதில். மீன் விலை விசாரிப்பது அதில். வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனின் முகத்தைத் தாய் காண்பதும் அதில். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் வாங்கிய அப்பொருள் உண்மையிலேயே எமக்கு உரியதுதானா?

எம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் உடைமையாளன் யார் என்பதைத் தெளிவாகவே கூறுகின்றது. பொருளைப் பயன்படுத்தவும், அதன் பலனை அனுபவிக்கவும், விரும்பியவாறு கைமாற்றவும் உரிமை உள்ளவனே உடைமையாளன். இந்த அளவுகோலைக் கைத்தொலைபேசிக்கு வைத்துப் பாருங்கள். கூடவே வந்த செயலிகள் சிலவற்றை நீக்க முடியாது. சில ஆண்டுகளில் நிறுவனம் பாதுகாப்புப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டால், பழுதில்லாத கருவியும் திருடனுக்குத் திறந்த வீடாகிவிடுகின்றது. வேறோர் இயங்குதளத்தை ஏற்றலாம் என்றாலோ, பல நிறுவனங்கள் பூட்டின் திறப்பைத் தருவதில்லை. விலை கொடுத்தவர் நாம், ஆளுபவர் அவர்!

இந்நிலையின் விபரீதத்தை உலகம் 2019 மே மாதத்தில் கண்டது. ஹுவாவே நிறுவனத்தை அமெரிக்க அரசு தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. கூகுள் அந்நிறுவனத்துடனான தொடர்பைத் துண்டித்தது. அதன்பின் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய தொலைபேசிகளில் கூகுளின் செயலிக் கடை இல்லாமற் போயிற்று. வாஷிங்டனில் இட்ட ஒரு கையெழுத்து உலகெங்கும் கடைத்தெருவில் நின்றவனைத் தாக்கியது. அந்தக் கையெழுத்தில் அவனுக்கு என்ன பங்கு?

அயல்நாடாகிய இந்தியா வாளாவிருக்கவில்லை. அன்ட்ரொயிட் சந்தையில் தன் மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கண்டு, இந்தியப் போட்டி ஆணைக்குழு 2022 ஒக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2023 மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அத்தண்டத்தை உறுதிசெய்தது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அன்ட்ரொயிட்டின் அடித்தளம் எவரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மூலநிரலே. அதன் மேல் ஏற்றப்பட்ட கூகுளின் சேவைகளே மூடியவை. அந்த அடித்தளத்தைக் கொண்டு தன்னார்வலர்கள் 2016 முதல் லீனியேஜ் ஓஎஸ் என்னும் இயங்குதளத்தைப் பேணி வருகின்றனர். நிறுவனம் கைவிட்ட பல பழைய தொலைபேசிகள் அதனால் மறுவாழ்வு பெற்றுள்ளன. எஃப்-டிராய்ட் என்னும் செயலிக் களஞ்சியம் 2010 முதல் திறந்த மூலச் செயலிகளை இலவசமாக வழங்கி வருகின்றது.

இதில் இடரே இல்லை என்று நாம் கூறோம். எல்லா மாதிரிகளுக்கும் இவ்வியங்குதளங்கள் பொருந்தா. பூட்டைத் திறக்கும்போது உள்ளிருப்பவை அழிந்துவிடும்; தவறு நேர்ந்தால் கருவியே பயனற்றுப் போகலாம். யாவற்றிலும் பெரிய இடர், வங்கிச் செயலிகள் சில இத்தகைய தொலைபேசிகளில் இயங்க மறுப்பதாகும். பாதுகாப்புக்காகவே என்பது அவற்றின் வாதம். ஆனால், புதுப்பித்தல் நின்று ஆண்டுகள் பலவான பழைய தொலைபேசியை ஏற்றுக்கொண்டு, நேற்றுவரை புதுப்பித்த திறந்த இயங்குதளத்தை விலக்குவது எந்த நியாயம்?

அரசு விரும்பினால் வாயிலைத் திறந்து வைக்கலாம் என்பதற்குச் சான்று எம்மிடமே உண்டு. 2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தின்போது வந்த கியூஆர் குறியீட்டைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுசென்றவருக்கும் எரிபொருள் கிடைத்தது. உன் தொலைபேசி எவ்வினம் என்று எவரும் கேட்கவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இந்நாட்டுப் பொறியியலாளர் ஆக்கிய 'சஹானா' என்னும் திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் பயன்பட்டது. ஆற்றல் எமக்கு இல்லை என்பவர் இதனை அறியாதவரே.

எனவே நாம் கோருபவை மூன்று. முதலாவது, எத்தேதி வரை பாதுகாப்புப் புதுப்பித்தல் கிடைக்கும் என்பதை விற்கும் பெட்டியிலேயே அச்சிடவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தல் வழங்கவேண்டும் என விதித்துள்ளது. எம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. பொருளின் முகப்புச்சீட்டுக் குறித்துப் பணிப்புரை விடுக்கும் அதிகாரமும் அதிகாரசபைக்கு உண்டு. அதனைப் பயன்படுத்துக! இரண்டாவது, பணம் செலுத்தி முடித்தவனுக்குப் பூட்டின் திறப்பு உரியதாகவேண்டும். மூன்றாவது, அரச சேவையும் வங்கிச் சேவையும் இரண்டு அந்நிய நிறுவனங்களின் கடைவாசலுக்குள் மட்டும் அடைபடலாகாது.

கோரிக்கையோடு நின்றுவிடலாகாது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் வாலிபர் மன்றங்களும் மூலையிற் கிடக்கும் பழைய தொலைபேசிகளைச் சேர்த்து, முதலில் அவற்றிற் பழகட்டும். கற்றவர் மற்றவர்க்குக் கற்பிக்கட்டும். பள்ளிவாசலுக்குச் செல்பவனையும் கோயிலுக்குச் செல்பவனையும் தேவாலயத்துக்குச் செல்பவனையும் இப்பூட்டு வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அதனைத் திறக்கும் முயற்சியிலும் நாம் வேறுபட்டு நிற்கவேண்டியதில்லை.

கோட்டையைக் கட்டியவர் போய்விட்டனர். களப்பு எம்மிடமே இருக்கின்றது. கையிலுள்ள பொருளும் அவ்வாறே எமதாகவேண்டும்.