விருந்து முடிந்தது, கணக்கு எங்கே?

1950களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளர்களும் நம்பிக் கொடுத்தனர்.

இன்று பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் மண்டபங்களில் விருந்து நடத்தி நிதி திரட்டுவது ஒரு தனித் தொழில். அழைப்பிதழ், காணொளி, மேசை விற்பனை எல்லாம் அதில் அடங்கும். மண்டப வாடகை, சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியது எவ்வளவு, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வதும் அதே வேலைதான்.

வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. நன்கொடைக்கு வரிக்கழிவு பெற, வாங்கும் அமைப்புக்கு 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் இருக்க வேண்டும். கொடுப்பவர் இரண்டையும் கேட்கலாம். கணக்கு வெளிவராத விருந்துக்கு அடுத்த ஆண்டு மேசை விற்பது கடினம்.