கேம்பஸ் கராஜ்: சான்ட்ரோ வாங்கலாமா, லான்சர் வாங்கலாமா?

நாலு பேர் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஒரு பழைய கார் வாங்கினா என்ன? செமஸ்டருக்கு ஒரு தடவையாவது எல்லா ஹாஸ்டல்லயும் இந்த மாநாடு நடக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் படிக்கிறவங்களுக்கு ஆசை இன்னும் ஜாஸ்தி. காலேஜ் பஸ் ஜன்னல்ல எட்டிப் பார்த்தாலே, புத்தம்புது காரா அடுக்கிக்கிட்டு டிரெய்லர் லாரி போகுது. சும்மா இருக்க முடியுமா?

எல்லாரும் விலையைத்தான் முதல்ல கேட்கிறாங்க. கேட்க வேண்டியது, அந்த வண்டியோட அண்ணன் தம்பிங்க இன்னும் எத்தனை பேர் ரோட்டுல ஓடுறாங்கன்னு!

1998-ஐ எடுத்துக்கோங்க. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதே வருஷம், பக்கத்துல திருவள்ளூர்ல, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பிச்சது. அன்னிக்கு லான்சர்தான் கெத்து. இன்னிக்கும் பார்த்தா மயக்கும். ஆனா ஒரு ஹெட்லைட் உடைஞ்சா, ஊர் ஊரா தேடணும். சான்ட்ரோ 2014 வரைக்கும் தயாரானதால, தெருமுனை மெக்கானிக்குக்கே அது அத்துப்படி. (2018-ல் திரும்பி வந்து 2022-ல் நின்ன சான்ட்ரோ வேற வண்டி. பேர் மட்டும்தான் ஒண்ணு.)

ஃபோர்டு? 2021-ல் இந்தியாவுல தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சாங்க. மறைமலை நகர் ஃபேக்டரி 2022-ல் ஓய்ஞ்சது. சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடரும்னு சொல்லியிருக்காங்க. அதனால ஃபிகோ ஓகே. ஐகான் வேணும்னா, மெக்கானிக் மாமா ஒருத்தர் குடும்பத்துல இருக்கணும்.

சரி, சான்ட்ரோ வாங்கியாச்சு. பாதி வேலையை ஹாஸ்டல் வாசல்லயே பண்ணலாம். ஏர் ஃபில்டர் மாத்த அஞ்சு நிமிஷம். பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தா, முதல்ல மைனஸ் ஒயரைக் கழட்டிட்டு, வெந்நீர்ல சமையல் சோடா கலந்து தேய்ச்சா போயிடும். பிளக் மொத்தமே நாலு. இன்ஜின் நல்லா ஆறினப்புறம் ஒவ்வொண்ணா கழட்டுங்க. நாலு ஒயரையும் ஒரே நேரத்துல பிடுங்கிட்டு, எது எங்கன்னு முழிக்காதீங்க. புது பிளக்கை முதல்ல விரலாலேயே திருகி ஏத்துங்க. ஸ்பேனரை வெச்சு முறுக்கி மரை போச்சுன்னா, சில நூறு ரூபாய்ல முடிய வேண்டிய வேலை ஆயிரங்கள்ல போய் நிக்கும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துடும்.

டைமிங் பெல்ட்டும் பிரேக்கும் மட்டும் நம்ம வேலை கிடையாது. அங்க கஞ்சத்தனம் பண்ணாம மெக்கானிக்கிட்ட விடுங்க. சான்ட்ரோவுல ஓடுறது ரப்பர் பெல்ட். வண்டி அதிகம் ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாகும். அது ஓடுறப்போ அறுந்தா வால்வு வளைஞ்சு, இன்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். 'பெல்ட் எப்ப மாத்தினீங்க?'ன்னு விக்கிறவர்கிட்ட கேளுங்க. பில் இல்லைன்னா, மாத்தவே இல்லைன்னு வெச்சுக்கிட்டு பட்ஜெட் போடுங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அதனால அதையும் மாத்தச் சொல்லிடுங்க.

புதுப்பேட்டைக்குப் போற ஐடியா இருந்தா, கதவுக் கைப்பிடி, சைடு மிரர், பம்பர்னு தாராளமா பேரம் பேசுங்க. பிரேக், பெல்ட், ரப்பர் ஹோஸ் எல்லாம் ஜி.பி. ரோட்டுல புதுசாத்தான் வாங்கணும். அடுத்தவன் தேய்ச்ச பிரேக் ஷூவை நம்பி நாலு உயிரை ஏத்தக் கூடாது, பாஸ்!

கடைசியா ஆர்.சி.யைப் பாருங்க. 15 வருஷம் முடிஞ்ச காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாய்லேருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின காருக்கு அதை 2025-ல் 10,000 ஆக்கிட்டாங்க. தேதி நெருங்கியிருந்தா, அந்தத் தொகையை விலையில கழிச்சுட்டுப் பேரத்தை ஆரம்பிங்க.