தானே பாடும் வீடு

வீட்டில் எல்லா அறைகளிலும் பாட்டுக் கேட்கவேண்டும் என்கிறார்கள். கேட்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பாட்டு, ஒருவரும் விசையைத் தொடாமல் தானாகவே எல்லா அறைகளிலும் கிளம்பவேண்டும் என்கிறார்களே, அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் தகராறு.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குச் சுயமாக ஜீவன் கிடையாது. எங்கோ ஒரு மூலையில் ஆம்பிளிபையர் இருக்கும். அதை அணைத்தால் எல்லாப் பெட்டிகளும் அடங்கிவிடும். இப்போது வருகிற பெட்டிகளில் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஓர் ஆம்பிளிபையர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மின்சாரம் வேண்டும். ஆறு அறை, அறைக்கு இரண்டு பெட்டி என்றால் பன்னிரண்டு பிளக். தினமும் பன்னிரண்டு ஸ்விட்சை யார் போட்டு, யார் அணைப்பது? இதற்காகப் பெட்டிக்குள் ஒரு காவல்காரனை உட்கார்த்தியிருக்கிறார்கள். கம்பியில் சில மில்லிவோல்ட் அளவுக்குப் பாட்டின் வாடை வந்தால் போதும், அவன் பெட்டியை எழுப்பிவிடுவான். பத்து இருபது நிமிஷம் ஒன்றும் வராவிட்டால் தூங்கவைத்துவிடுவான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் காவல்காரனுக்குக் காது மந்தம். இரவில் மெதுவாகப் பாட்டு வைத்தால், வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று முடிவுகட்டிப் பாதியில் பெட்டியை அணைத்துவிடுகிறான். அவனை விழித்திருக்க வைப்பதற்காகவே சத்தத்தைக் கூட்டவேண்டியிருக்கிறது. எழுப்புவதிலும் தாமதம், பாட்டின் முதல் ஒரு விநாடி, இரண்டு விநாடி அவன் சோம்பல் முறிப்பதில் போய்விடும். அன்னக்கிளி வந்த 1976 முதல், பாட்டுக்கு முன்னால் வருகிற இசையைக் காத்திருந்து கேட்கப் பழகிய ஊர்கள் இவை. பண்ணைப்புரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, பண்ணைப்புரத்துக்காரர் போட்ட முகப்பை யந்திரத்துக்குத் தின்னக் கொடுக்கிறோம்!

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சான் ஒருவர் இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறார். பன்னிரண்டு வோல்ட் கம்பி ஒன்றை இழுத்துவிட்டால், கூடத்துக் கருவியைப் போட்டதும் எல்லாப் பெட்டிகளும் அந்த நிமிஷமே விழித்துக்கொள்ளுமாம். கருவி மின்சாரம் இழுப்பதைப் பார்த்து மற்றவற்றுக்குத் தானே மின்சாரம் கொடுக்கிற பிளக் பலகையும் உண்டாம். உண்மைதான். பாட்டின் தலை வெட்டுப்படாது. ஆனால் என் கேள்வி பாட்டின் தலையைப் பற்றி மட்டும் அல்லவே! இன்னொருவர் அறையில் பாட்டை எழுப்ப உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்பதல்லவா கேள்வி?

மச்சானின் தாயார், எனக்கு அத்தை, எண்பதைத் தாண்டியவர். பின்கட்டு அறையில் படுக்கையோடு இருக்கிறார். பழைய வீட்டில் தலைமாட்டில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். மலைமேலிருந்து வருகிற கோடைப் பண்பலையை 100.5-இல் வைத்துக்கொள்வார்; பிடிக்காவிட்டால் குமிழைத் திருகிவிடுவார். புது வீட்டுக்கு வந்ததும் டிரான்சிஸ்டர் பரணுக்குப் போயிற்று. அத்தை அறையிலும் இரண்டு பெட்டி. மாடியில் பேரன் பாட்டுப் போட்டால் இங்கே அத்தை கேட்டாகவேண்டும். போன ஆடிக் காற்றில் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அத்தனை பெட்டிகளும் ஒரே குரலில் மணியடித்துத் தாங்கள் விழித்துக்கொண்டதை அறிவித்தன. மறுநாள் நான் போனபோது அத்தை கேட்டார்: "ஏப்பா, இதை அமத்துறதுக்கு எங்கிட்டு அமுக்கணும்னு உனக்காச்சும் தெரியுமா?"

நானும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குமிழ் இல்லை. எல்லாம் மச்சானின் கைப்பேசிக்குள் இருந்தது. மச்சான் கைப்பேசியோடு தேனிக்குப் போயிருந்தார்.

ஒலிபெருக்கிக்கே விரோதி என்று என்னைச் சொல்லிவிடாதீர்கள். கூம்புக் குழாயின் கீழே வளர்ந்தவன் நான். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது பாவலர் வரதராஜன் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடினாரே, அது ஊர் கூடிக் கேட்ட பாட்டு. பிடித்தவன் நின்றான், பிடிக்காதவன் வீட்டைப் பார்த்து நடந்தான். கல்யாண வீட்டு ரேடியோ செட்டும் அப்படித்தான். காது கிழியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்தல் மூலையில் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். "அண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல், கொஞ்சம் குறைச்சு வையுங்க" என்று போய்ச் சொன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது குறைப்பார். தானே பாடும் வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

தெருவுக்காவது சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. விழா நாட்களுக்கு மட்டும் அரசு சிறிது தளர்த்தலாம். 2005-இல் சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாகப் பேசியது: பேசுகிற உரிமை உனக்கு உண்டு, கேட்க விரும்பாதவன் காதில் அதைத் திணிக்கிற உரிமை கிடையாது என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னது. வீரபாண்டித் திருவிழாவுக்கே வரம்பு கட்டுகிற சட்டம், பின்கட்டு அறைக்குள் வராது. அங்கே மகனுடைய மனசுதான் கோர்ட்.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று ஒரு வாதம் உண்டு. தூங்கவைப்பது மிச்சம்தான். ஆனால் எந்நேரமும் கைப்பேசியின் அழைப்புக்குக் காதைத் தீட்டிக்கொண்டு தூங்குகிற பெட்டி சும்மா தூங்குவதில்லை. பெட்டிக்கு இரண்டு வாட் என்று வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டு பெட்டிகளும் ஒரு வருஷத்தில் ஒரு பாட்டும் பாடாமலே சுமார் 210 யூனிட் குடித்துவிடும். ஐரோப்பாவில் இதைக் கணக்குப் பார்த்துத்தான், 2013 முதல், சாதாரணமாகத் தூங்கும் வீட்டுக் கருவிகள் பலவும் அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று வைத்தார்கள். அவர்கள் கஷ்டம் வேறு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும் பகுதியிலும் சுவரில் பிளக் துளை இருக்குமே தவிர, பக்கத்தில் ஸ்விட்ச் இருக்காது. நம் வீட்டுப் பலகையில் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தட்டினால் அரை வாட் என்ன, அணுவளவும் போகாது. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு ஐரோப்பாக்காரனிடம் நெய் கேட்கிறோம்.

மறதியைப் பற்றியும் மச்சான் சொன்னார். "போட்டதை அணைக்க மறந்துவிட்டால் விடிய விடிய ஓடுமே?" நியாயம். அணைக்கிற வேலையை யந்திரத்திடமே விட்டுவிடுங்கள், அது தூங்கவைக்கட்டும். எழுப்புகிற வேலையை மட்டும் அந்த அறையில் இருக்கிறவர் கையில் கொடுங்கள். அறைக்கு ஒரு ஸ்விட்ச், பேன் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில். கூடத்துக் கருவியை முதலில் போட்டு, பெட்டியைக் கடைசியில் போட வேண்டும். அணைக்கும்போது பெட்டியை முதலில் அணைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால்தான் "டொம்" என்று இடிக்கும். அத்தைக்கு எழுந்து நடக்க முடியாது என்கிறீர்களா? அந்தக் காலத்தில் கட்டில் தலைமாட்டில் ஒயரோடு தொங்குமே, பேரிக்காய் மாதிரி ஒரு பெட் ஸ்விட்ச், அது இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. அதை அத்தை கையில் கொடுங்கள். பரணில் கிடக்கும் டிரான்சிஸ்டரையும் இறக்கிப் புதுப் பாட்டரி போட்டு அதன் பக்கத்திலேயே வையுங்கள்.