முதலை விழுங்கும் அட்வான்ஸ்

சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் ஒரு கடையை மூடினால், ஷட்டர் அதிக நாள் கீழே கிடப்பதில்லை. புது போர்டு, வாழைமரம், சீரியல் லைட், முதல் நாள் கேசரி என்று அடுத்தவர் வந்துவிடுவார். கொஞ்ச காலத்தில் போர்டு மறுபடி மாறும். கேட்டால், ‘ஏரியா சரியில்லை’ என்பார்கள். அல்லது ‘ஆன்லைன் வந்து கெடுத்துவிட்டது’ என்பார்கள். ஒரு பக்கம் மின்சார ரயில், இன்னொரு பக்கம் 2018 மே மாதம் திறந்த மெட்ரோ, நடுவே மீன், காய்கறி, பாத்திரம், அடகுக் கடை என்று நாள் முழுக்க ஜனம் நடக்கிற ஏரியா இது. பிளிங்கிட்டும் ஜெப்டோவும் வருவதற்கு முன்பும் இங்கே கடைகள் மூடப்பட்டுத்தான் வந்தன. என்னைக் கேட்டால், புதுக் கடைகளில் பல, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற அன்றே தோற்றுவிடுகின்றன.

ஒரு சின்ன மளிகைக் கடையை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வாடகை 25,000, ஓர் ஆள் சம்பளம் 15,000, கரண்ட் பில்லும் சில்லறைச் செலவும் 5,000. முதலாளி தன் வீட்டுக்கு 25,000 எடுத்தால் மாதச் செலவு 70,000. நூறு ரூபாய்க்கு விற்றால் பத்து ரூபாய் நிற்கும் என்றால், மாதம் 7 லட்சத்துக்கு விற்றாக வேண்டும். நாளுக்கு 23,000-க்கு மேல். ஒரு பில் சராசரி 150 ரூபாய் என்றால், தினமும் 155 பேர் வர வேண்டும். (ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு என்பதும் இந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு வருவது.)

அத்தனை பேர் வந்தால் விற்கச் சரக்கு இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தால் 2.5 லட்சம் போய்விடும். மூன்று மாதம் மட்டும் கொடுத்திருந்தால் 75,000. மீதி 1.75 லட்சத்துக்குச் சரக்கு போட்டு, அது மாதம் இரண்டு முறை சுற்றினால் 3.5 லட்சத்துக்கும் மேல் விற்பனை. தேவைப்படும் விற்பனையில் பாதிக்கு மேல்! அந்த 1.75 லட்சம்தான் வட்டியில்லாமல் கட்டட உரிமையாளரிடம் தூங்குகிறது.

இதன் விளைவை ரேக்கிலேயே பார்க்கலாம். ரவை இருக்கும், கேட்ட கம்பெனி ரவை இருக்காது. ஷாம்பு பாட்டில் இருக்கும், சாஷே தீர்ந்திருக்கும். ‘நாளைக்கு வந்துடும்க்கா’ என்று இரண்டு முறை சொன்னால், அந்த அக்கா மூன்றாவது முறை எதிர்க்கடையில் நிற்பார். புதுக் கடைக்கு ஏஜென்சிக்காரர்கள் கடன் தரத் தயங்குவார்கள், கேஷ் பில்தான். கடைசியில் சரக்கு எடுக்கத் தண்டல் வாங்க வேண்டிவரும். பத்தாயிரம் என்று பேசி, பிடித்தம் போக மிச்சத்தைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு என்று நூறு நாள் வசூலிக்கிற கடன் அது. சொந்தப் பணம் அட்வான்ஸில் முடங்கிக் கிடக்க, வியாபாரம் தண்டலில் ஓடுகிறது.

இடம் பார்க்கும்போது மெயின் ரோடு மோகமும் வேண்டாம். அண்ணா சாலையில் தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை இடையே 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அப்படியொரு வேலை நடக்கும்போது, வண்டி நிறுத்த இடமில்லாத கடைக்கு மெயின் ரோடு என்ற பெயரால் வாடகை மட்டும்தான் கூடும். ரயிலை விட்டு இறங்கியவர்கள் சாயங்காலம் எந்த ஓரமாக நடக்கிறார்கள் என்று நின்று பார்ப்பது எந்த புரோக்கரின் பேச்சையும்விட மேல்.

அடையாற்றை மறந்து இங்கே கடை போடவும் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையின் தாழ்வான பகுதிகள் என்ன ஆயின என்று பழைய வியாபாரிகளைக் கேளுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். சிறு வியாபாரிகளுக்கான ‘பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா’ காப்பீடு 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். ஃபால்ஸ் சீலிங்குக்குக் கொட்டுகிற பணத்தில் சிறு பகுதி இதற்குப் போகட்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் என்ன செய்கிறது? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. கடைகளுக்கும் அது பொருந்தும். ஆனால், வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர என்று ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. உரிமையாளர் கேட்கிற பத்து மாதத்தை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் முடிந்தது கதை. கடை தேடி அலைகிறவர் ‘மூன்று மாதம்தான் தருவேன்’ என்றால், சாவி அடுத்தவர் கைக்குப் போய்விடும். பேரம் பேச முடியாதவரைப் பேரம் பேசிக்கொள்ளச் சொல்கிற சட்டம் இது. முத்ரா கடன், மானியம் என்று திட்டங்களை அறிவிக்கும் அரசுகள் இதைக் கவனிப்பதில்லை. தமிழக அரசு, சிறு கடைகளுக்காவது அந்த விலக்கை நீக்கி, மூன்று மாத வரம்பைக் கட்டாயமாக்க வேண்டும்.